குதிகாலில் நடக்கும் பூனை

எறும்புகளைத்தான் ஜெயந்தினி முதலில் பார்த்தாள்.

பூனை ராசு ஒன்றுக்குப் போவதற்காகப் பின்பக்க வராந்தாவில் மணல் நிரப்பி வைத்திருந்த தகரத் தட்டைச் சுற்றி அவை மொய்த்திருந்தன. சுவர் வெடிப்பிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி, சிமெந்துத் தரையைக் கடந்து, ஈர மணலில் போய் முடிந்தது. வட்டகொடைக்கு மேலே, இந்த உயரத்துக் குளிரில், சீனிப் போத்தலைத் திறந்து வைத்தாலும் எறும்பு எட்டிப் பார்ப்பதில்லை. அவள் குனிந்து பார்த்தாள். சிந்திக் கிடந்தது ஒன்றுமில்லை. நனைந்த இடத்தில் மட்டும் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அசையாமல், குடித்துக்கொண்டிருந்தன.

"மூத்திரத்துல எறும்பா?" புருஷன் விஜிதரன் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார். "சீனி வருத்தக்காரங்களுக்குத்தான் இப்படி வரும்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் ராசுவைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நாளாகவே ராசு தண்ணீரை விட்டு நகரவில்லை. கிண்ணம் காலியானதும் பாத்ரூம் வாளியில் முன்னங்கால்களை ஊன்றிக் குடித்தான். முன்பு தின்றதைப் போல இரண்டு மடங்கு தின்றான். ஆனாலும் முதுகெலும்பு தடவுகிற கையில் கயிற்று முடிச்சுகளாகத் தட்டுப்பட்டது. வெயிலில் காய்ந்த பித்தளை நிறத்தில் இருந்த உடம்பு மயிர் மங்கி, பிசுபிசுத்து, குத்திட்டு நின்றது.

அவனை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் விஜிதரன். ஜெயந்தினி ஆஸ்பத்திரிக்கு நிறை வயிற்றோடு போய் வெறுங்கையோடு திரும்பி வந்த வருடம் அது. புருஷனும் பெண்சாதியும் மாதக்கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை, பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது. ஒருநாள் அவர், தான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்தை வாட வைக்கும் மேல்தட்டில் கிடந்த குட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டார். "இவன் பேரு ராசு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வந்தது. அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவர் ராசுவிடம் சொல்வார். குசினியில் சமைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நுவரெலியாவில் மிருக வைத்தியராக இருந்த ஓர் இளம்பெண், ராசுவின் காது ஓரத்திலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: சீனிதான், ரொம்பக் கூடியிருக்கிறது. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் இன்சுலின் ஊசி. முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி போடக் கூடாது; சீனி ஒரேயடியாக இறங்கினால் உயிர் போய்விடும். தள்ளாடினால் உடனே ஈறில் தேன் தடவ வேண்டும். மூச்சில் அழுகிய பழ வாடை வந்தால் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும்.

சொல்லி முடித்து ராசுவை மேசையில் நடக்க விட்டார். அப்போதுதான் ஜெயந்தினி அதைக் கவனித்தாள். பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. ராசுவின் பின்னங்கால்கள் குதிகால்வரை மடிந்து, முழுப் பாதமும் மேசையில் அழுந்தி, மனிதர் நடப்பதைப்போல் நடந்தன. தப். தப்.

"நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது" என்றார் வைத்தியர்.

"சரியாகுமா?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஊசியை விடாமல் போடுங்கள். இருக்கிற நாளெல்லாம் நோவில்லாமல் இருப்பான்" என்றார்.

வீடு திரும்பும்வரை விஜிதரன் ராசு இருந்த கூடையின் மூடிக்குள் ஒரு விரலை விட்டபடியே வந்தார்.

அவர்கள் இருந்தது தோட்ட உத்தியோகத்தர்களுக்கான வீடுகளில் கடைசி வீடு. பலகைத் தரை, தகரக் கூரை, முன்னறையிலிருந்து குசினிவரை நீளும் ஒரு நடை, அதன் இரு பக்கமும் அறைகள். குசினிக்கு அந்தப் பக்கம் விறகு அடுக்குகிற ஓர் இருட்டறை. அதற்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடும் கானும், டர்பன்டைன் மரங்களும். பின்னேரமானால் கீழ்மலையிலிருந்து பனி தேயிலைச் செடிகளுக்கு மேலாக ஏறி, முதலில் வேலியை, பிறகு மரங்களை, கடைசியில் ஜன்னல் கண்ணாடியையே விழுங்கிவிடும். விஜிதரன் தொழிற்சாலைக்குப் போவதும் அந்த நேரத்தில்தான். தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை முடித்து ஜெயந்தினி வருவாள், அவர் போவார். காலை ஊசி அவருடையது. மாலை ஊசி அவளுடையது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவாள். அவித்த கோழியைத் தட்டில் வைப்பாள். ராசு தலையைக் குனிந்து தின்னும்போது பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, மெல்லிய ஊசியை அதற்குள் விடுவாள். அவனுக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் அளவை மூன்று தடவை சரிபார்த்தாள். பிறகு பழகிவிட்டது. தின்று முடித்து அவன் நடையில் நடந்து போவான். பலகைகள் ஒவ்வொன்றாகச் சொல்லும். தப். தப். தப்.

ஒரு பின்னேரம் மழை விட்டிருந்தது. ராசுவைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். ஈர விறகு சிணுங்கி எரிந்தது. கூரையின் கடைசிச் சொட்டுகள் கானில் விழுந்தன. தொலைவில் தொழிற்சாலை இயந்திரம் எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே, முன்னறையில் தொடங்கி, அவசரமில்லாமல், நடை வழியாக அது வந்தது.

தப். தப். தப்.

பாத்ரூம் வாசலில் நின்றது. பிறகு தண்ணீரை நக்கிக் குடிக்கும் ஓசை. நீண்ட நேரம் கேட்டது.

அவள் மடியைப் பார்த்தாள். ராசு அங்கேதான் இருந்தான். அவன் காதுகள் பாத்ரூம் பக்கமாகத் திரும்பியிருந்தன. சீறவில்லை, மயிர் சிலிர்க்கவில்லை. தலையை அவள் அக்குளுக்குள் நுழைத்து மறைத்துக்கொண்டான்.

"மரநாயா இருக்கும்" என்றார் விஜிதரன் விடிந்து வந்து. பாத்ரூம் சுவரின் காற்றுத் துவாரத்தில் பலகை வைத்து ஆணி அடித்தார். அன்று மாலை அவள் வாளியை விளிம்புவரை நிரப்பி, கதவைச் சாத்தி, வெளியே கொண்டி போட்டாள். காலையில் கொண்டி போட்டபடியே இருந்தது. வாளி அடிவரை காய்ந்திருந்தது.

அடுத்து வாடை வந்தது. கனிந்து வெடித்த அன்னாசியோடு நகப்பூச்சைக் கலந்ததுபோல ஒரு இனிப்பு வாடை. வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்து, அவள் ராசுவின் வாயைத் திறந்து முகர்ந்தாள். கோழி வாடைதான் அடித்தது. அந்த மற்ற வாடை நடையில் இருந்தது. குனிந்தால் இல்லை. நிமிர்ந்து நின்றால், அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

பக்கத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் வீரம்மா காலையில் பால் கொண்டுவருபவள். பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"மிஸ்ஸு, ரெண்டு பூனையா வளக்குறீங்க?"

"ஒன்னுதான், வீரம்மா. ஏன்?"

"இல்ல, நேத்து பொழுதுசாய வெறகு எடுத்துக்கிட்டுப் போனேன். உங்க முன்ரூம் சன்னல்ல ஒன்னு ஒக்காந்திருந்துச்சு. ராசுன்னுதான் கூப்புட்டேன். ராசு இவ்ளோ பெருசில்லையேன்னு அப்புறந்தான் நெனச்சேன்." பாத்திரத்தை மூடினாள். "சன்னல் முழுக்க இருந்துச்சு, மிஸ்ஸு."

ஜெயந்தினி அதை விஜிதரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அவளைப் பார்க்கும் பார்வை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வருடம் அப்படித்தான் பார்த்தார், உடைந்த பாத்திரத்தைக் கையில் ஏந்தியவரைப்போல.

ராசு தேறவில்லை. ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னார் வைத்தியர்; கூட்டினாள். ஒரு நாள் கண் தெளிந்து வால் தூக்குவான், மறுநாள் சுவரோரமாக விழுந்து கிடப்பான். ஒரு நாள் காலையில் தேன் தடவிய விரலை அவன் நாக்கு தேடவேயில்லை, பல் இடுக்கில் அவளே தேய்த்துவிட வேண்டியிருந்தது. அவன் பிழைத்தெழுந்து முதலில் செய்தது, நடையைப் பார்த்து உட்கார்ந்ததுதான். அன்றிலிருந்து அவன் குசினியை விட்டு வெளியே போகவில்லை. தப் தப் என்ற ஓசை மட்டும் நடையில் கேட்டுக்கொண்டிருந்தது.

மழை அடைத்துக்கொண்டு பெய்த ஒரு நாள். பிள்ளைக் காம்பராவிலிருந்து நனைந்து வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. விஜிதரன் அதற்குள் போயிருந்தார். பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது; குசினிக்குள் பகலுமில்லாத இரவுமில்லாத ஒரு சாம்பல் வெளிச்சம். டோர்ச்சை எங்கே வைத்தாள் என்று நினைவில்லை. ஊசி நேரம் தவறிக்கொண்டிருந்தது. அடுப்போரத்தில், போர்வைக் குவியலுக்குள், ராசு படுத்திருக்கும் இடத்தில் மேடாக ஏதோ அசைந்தது.

"ராசு, பசிக்குதாடா?"

உறுமல் வந்தது. சந்தோஷமான, கனத்த உறுமல். தட்டை வைத்தாள், போர்வைக்குள்ளிருந்தே அது தின்னத் தொடங்கியது. நல்ல பசி. ஜன்னல் அருகே போய் மருந்தை அளந்துகொண்டு வந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பிடரியைத் தேடினாள். மயிர் ஈரமாக இருந்தது. அடர்த்தியாக இருந்தது. மழையில் வெளியே போயிருப்பான் என்று நினைத்தாள். தோலைத் தூக்கினாள். தோல் வந்தது. இன்னும் வந்தது. அவள் கை முழங்கை உயரத்துக்கு எழும்பியும் தோல் இழுபட்டு வந்துகொண்டே இருந்தது, உள்ளே உடம்பு என்று ஒன்று இல்லாததைப்போல.

ஊசியைப் போட்டாள். போட வேண்டிய நேரம், அதனால் போட்டாள்.

சிரிஞ்சை வைக்கப் படுக்கையறைக்குப் போனபோது மேசையில் டோர்ச் கிடைத்தது. அழுத்தினாள். வெளிச்சம் கட்டிலுக்கடியில் விழுந்தது.

அங்கே ராசு படுத்திருந்தான்.

பக்கவாட்டில். கால்கள் விறைத்து நீட்டி. கண் பாதி திறந்து.

தொட்டாள். மரக்கட்டை. மத்தியானமே போயிருக்க வேண்டும்.

குசினியில் தட்டை நக்கும் சத்தம் கேட்டது. பீங்கான் தட்டு பலகைத் தரையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. நின்றது. பிறகு தட்டு அவள் பக்கமாகத் தள்ளப்படும் சத்தம். இன்னும் வேண்டும் என்று கேட்பதைப்போல.

ராசுவை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படுக்கையறை ஜன்னல் வழியாக மழையில் குதித்து ஓடினாள்.

அவள் தொழிற்சாலைக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் விஜிதரன் உடனே வந்தார். டோர்ச் அடித்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். போர்வை கிடந்தது. தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. வேறொன்றும் இல்லை. மறுநாள் காலையில் கொய்யா மரத்தடியில் குழி தோண்டினார். ராசுவை வைத்து, மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டு, மண்ணைக் கையாலேயே தள்ளினார். மண் அவன் முகத்தை மூடியபோது ஜெயந்தினி பக்கத்தில்தான் நின்றாள். அவர் அழவில்லை. மண்மேட்டின்மீது கையை வைத்தபடி, உச்சி வெயில் ஏறும்வரை குந்தியிருந்தார்.

"நீ கொஞ்ச நாள் பூண்டுலோயாவுல அக்கா வீட்டுல இரு" என்றார்.

"நீங்களும் வாங்க. தனியா இங்க இருக்காதீங்க."

"கொழுந்து கூடிப்போச்சு. லீவு தரமாட்டாங்க." அவர் பார்வை மண்மேட்டிலேயே இருந்தது. "எனக்கு ஒன்னும் ஆகாது, ஜெயந்தி. நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

"பின்னேரத்துல வீட்டுல நிக்காதீங்க. அந்த மருந்த எடுத்து வீசிருங்க."

அவர் தலையாட்டினார். அவளும் போனாள். பயம்தான் அவளை அனுப்பியது. பூண்டுலோயா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு லேசானது.

அக்கா பூரணியின் வீடு கடைத்தெருவுக்கு மேலே. எந்நேரமும் ஆள் சத்தம். ஜெயந்தினி படுத்தாள், தூங்கினாள். நாள்தோறும் விஜிதரனுடன் போனில் பேசினாள். முதலில் அவர் குரல் களைத்துக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில். நாள் போகப்போக அதில் தெம்பு வந்தது. சாப்பிட்டேன் என்றார். நல்லா இருக்கேன் என்றார். ஒருநாள் பேச்சுக்கு நடுவே யாரைப் பார்த்தோ அவர் சிரிப்பதுகூடக் கேட்டது.

"யாருங்க பக்கத்துல?"

"ஒன்னு சொன்னா பயப்படக் கூடாது" என்றார். "ராசு வந்துட்டான்."

அவள் கையிலிருந்த தேத்தண்ணி சூடு தெரியாமல் விரலில் வழிந்தது.

"என்னங்க பேசுறீங்க? நீங்கதான குழி வெட்டுனீங்க."

"வெட்டுனேன். அது வேற பூனையா இருக்கும். இருந்த கவலையில நாம என்னத்த ஒழுங்காப் பாத்தோம்? இவன் நம்ம ராசுதான். நான் பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கான்." குரல் தாழ்ந்தது. "பசிதான் தாங்கல அவனுக்கு. எவ்வளவு போட்டாலும் பத்த மாட்டேங்குது."

"வெளிய வாங்க. இப்பவே அந்த வீட்ட விட்டு வெளிய வாங்க."

"ஊசி நேரமாச்சு, ஜெயந்தி. அப்புறம் பேசுறேன்."

மறுநாள் முழுதும் அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த நாள் மணியும் அடிக்கவில்லை. விடியட்டும், மச்சானையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பூரணி தடுத்தாள். ஜெயந்தினி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வட்டகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பனி தண்டவாளத்தை மூடியிருந்தது. ஆட்டோக்காரர் தொழிற்சாலை வளைவுவரைதான் வந்தார். அதற்கு மேல் ரோடு தெரியவில்லை என்றார். தொழிற்சாலை வாசலில் காவல் இருந்த அழகன் அவளைக் கண்டதும் எழுந்தான்.

"ஐயாவுக்கு இப்ப எப்படிங்க, மிஸ்? மூனு நாளா வேலைக்கு வரலியே. ஆள் அனுப்புனோம். உள்ள இருந்துகிட்டே சொகமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டாராம். கதவத் தொறக்கல."

"என்கூட வாறீங்களா?"

அவன் வாசலையும் அவளையும் பார்த்தான். "இத விட்டுட்டு வர முடியாதுங்களே. மாத்த ஆள் வந்ததும் ஓடியாறேன்."

அவள் ஏறினாள். செடிகள் இல்லை, வேலி இல்லை, கால் வைக்கிற இடம் மட்டும் இருந்தது. இயந்திர இரைச்சல் பின்னால் தேய்ந்தது. வீரம்மாவின் லயத்தில் எவரோ இருமினார்கள். அதுவும் தேய்ந்தது. வாடை முதலில் வந்தது. வாசலுக்கு வெகு முன்பே. இனித்தது. நாக்கில் ஒட்டியது.

கதவு திறந்திருந்தது.

நடை. இருட்டு. சுவரில் கை.

"என்னங்க."

குசினியில் அவர் குரல். தாழ்ந்த, கொஞ்சும் குரல். ராசுவிடம் பேசும் குரல்.

உயிரோடு இருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. வேகமாக நடந்தாள்.

அடுப்பு எரியவில்லை. ஜன்னலில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தில் விஜிதரன் சுவரில் சாய்ந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மடியில் ராசுவின் தலை. ராசுவின் தலையேதான், அந்தப் பித்தளை நிறம், அந்த மோவாய் வெள்ளை. கண் மூடியிருந்தது. அவர் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். உறுமலில் பலகைத் தரை அதிர்ந்தது. அவள் பாதங்களில் தெரிந்தது.

"வந்துட்டியா" என்றார். "பாரு. எப்படித் தேறிட்டான்."

பார்த்தாள்.

தலைக்குப் பின்னால் கழுத்து. கழுத்துக்குப் பின்னால் முதுகு. மினுமினுக்கும் அந்த முதுகு அவர் மடியிலிருந்து இறங்கி, தரையோடு நீண்டு, மேசைக்கடியால் போய், விறகறையின் வாசற்படியில் ஏறி இறங்கி, உள்ளே இருட்டுக்குள் போயிற்று. முடியவில்லை. வாசற்படியின்மேல் அது மூச்சு வாங்கிற்று.

"பசி தாங்க மாட்டான்" என்றார் விஜிதரன். "வீட்டுல ஒன்னுமே இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தான்."

அவர் கட்டியிருந்த நீலச் சாரம் தொடைவரை மேடாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. வெறும் துணி. தரையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பலகை பளபளத்தது, நக்கித் துடைத்ததைப்போல.

"நோகலியா?" என்று அவள் கேட்டாள். அவள் குரல்தான் அது.

"முதல்ல எனக்கு ஊசி, அப்புறம் அவனுக்குச் சாப்பாடுன்னு மாத்திக்கிட்டோம். நோகல."

அவர் சிரித்தார். எத்தனையோ வருடமாக அவள் பார்க்காத சிரிப்பு. தன் பக்கத்தில், தரையை, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

மடியிலிருந்த தலை கண்ணைத் திறந்தது. அவளைப் பார்த்தது. பிறகு, அவளுக்கும் இடம் வேண்டுமே என்பதுபோல, சற்றே ஒதுங்கிப் படுத்தது.